புதிதாக வந்த பச்சை அனோல் பல்லிக்கு உணவும் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வேலியிலும் புதரிலும் தாழ்வாரத் தூணிலும் சாதாரணமாகக் காணப்படும் பச்சை அனோல் பல்லி, அந்நாட்டின் செல்லப்பிராணிக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் உயிர்களில் ஒன்று. விலை குறைவாக இருப்பதாலேயே பராமரிப்பும் எளிதாக இருக்கும் என்று நம்பி வாங்கி வருகிறார்கள். பல பல்லிகள் சில வாரங்களிலேயே இறந்து விடுகின்றன. நான் ஹூஸ்டனில் சில ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகிறேன். பிள்ளைகளின் ஆசைக்காக ஒன்றை வாங்கி வந்த நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது பல்லியா, ஓணானா, பச்சோந்தியா?

கடைகளில் இதை ‘அமெரிக்கப் பச்சோந்தி’ என்று சொல்லி விற்பதுண்டு. அது தவறான பெயர். நிறம் மாறுவது ஒன்றைத் தவிர, பச்சோந்திக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இதன் அறிவியல் பெயர் அனோலிஸ் கரோலினென்சிஸ். அமெரிக்காவின் பெருநிலப் பகுதிக்கு இயல்பாக உரிய ஒரே அனோல் இனம் இதுதான். வாலோடு சேர்த்து ஆண் ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரும். பெண் அதைவிடச் சிறியது. உடல் நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். ஆணின் கழுத்துக்கு அடியில் இளஞ்சிவப்பு அலைதாடி விசிறிபோல் விரியும். நம் வீட்டுப் பல்லியைப் போலவே விரல் அடியில் ஒட்டும் திண்டுகள் இருப்பதால் கண்ணாடியிலும் ஏறும். ஆனால் வீட்டுப் பல்லி இரவில் நடமாடுவது. அனோல் பகலில் வெயிலை நம்பி வாழ்வது. பராமரிப்பில் செய்யும் தவறுகளில் பாதி இந்த வேறுபாட்டை மறப்பதால் வருகின்றன.

ஊர்வனவற்றில் முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டு 2011இல் வெளியிடப்பட்டது இந்தச் சிறு பல்லிக்குத்தான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலிவு விலைப் பிராணி என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் பதிய வேண்டாம்.

வாங்கி வந்து மூன்று நாளாகிறது, எதையும் சாப்பிடவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரி. கடைக்கு வரும் அனோல்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை அல்ல, காட்டிலும் தோட்டத்திலும் பிடிக்கப்பட்டவை. பிடித்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எனக் கை மாறி, கூட்டமாக அடைபட்டு, கடைசியில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பெட்டியின் மூன்று பக்கங்களையும் காகிதத்தால் மூடி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், தொலைக்காட்சியிலிருந்து தள்ளி வையுங்கள். முதல் வாரம் அதைக் கையில் எடுக்க வேண்டாம். தண்ணீர் தெளிப்பதற்கும் இரண்டு சிறு பூச்சிகளை விடுவதற்கும் மட்டும் பெட்டியைத் திறந்தால் போதும்.

உணவைவிடத் தண்ணீரும் வெப்பமும் முந்தியவை. உடல் சூடேறாத பல்லிக்குப் பசி எடுக்காது. எடுத்தாலும் உண்டது செரிக்காது. ஆகவே பசியைப் பற்றிக் கவலைப்படும் முன், வெப்ப விளக்கின் கீழே அது வெயில் காயும் கிளையில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வெப்பமும் ஈரமும் சரியாக இருந்தும் ஒரு வாரத்துக்கு மேல் உண்ணாவிட்டால், அல்லது அதற்குள்ளாகவே கண்கள் குழிந்து உடல் சுருங்கினால், ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன், குடிப்பதே இல்லையே?

குடிக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அனோல், பனித்துளியையும் மழைத்துளியையும் இலையிலிருந்து நக்கிக் குடித்துப் பழகிய உயிர். அசையாமல் கிடக்கும் நீரை அது பெரும்பாலும் தண்ணீராகவே உணர்வதில்லை. நிறைந்த கிண்ணத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்துகொண்டே தாகத்தால் வாடிப் போகும். நான் முதன்முதலில் வாங்கிய பல்லிக்குக் கிண்ணம் வைத்தால் போதும் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். பத்தாம் நாள் அதன் விலாவில் தோல் மடிப்பு மடிப்பாக நின்றதைப் பார்த்த பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன். அந்தப் பல்லி பிழைக்கவில்லை.

காலையில் விளக்கு எரிந்த சற்று நேரத்தில், இலைகளின் நுனியில் துளிகள் தொங்கும் அளவுக்குத் தெளிப்பானால் தண்ணீர் தெளியுங்கள். மாலையில் விளக்கு அணைவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு இன்னொரு முறை தெளியுங்கள். சில நிமிடங்களில் அது வந்து நக்குவதைக் காணலாம். காணாவிட்டால் இன்னும் சற்று நேரம் மெதுவாகத் தெளியுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் வரை இருப்பது நல்லது. பத்து நிமிட வேலைதான் என்பதால் ஈரப்பதமானியை வாங்கிப் பொருத்துங்கள், கண்ணளவில் மதிப்பிட வேண்டாம். இரு தெளிப்புகளுக்கும் இடையில் இலைகள் காய வேண்டும். எப்போதும் சொதசொதவென்று நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். பல்லிக்குத் தோல் நோயும் மூச்சு நோயும் வரும்.

குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால், மீன் தொட்டிக்குப் போடும் குளோரின் நீக்கியில் சில துளிகள் கலந்துகொள்ளுங்கள். ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய வழக்கம். இப்போது பல நகரங்கள் குளோரமின் கலக்கின்றன, அது அவ்வாறு எளிதில் ஆவியாவதில்லை. தண்ணீர் போதிய அளவு கிடைக்கிறதா என்பதை அதன் எச்சம் சொல்லும்: கரும்பகுதியோடு சேர்ந்திருக்கும் வெண்பகுதி மென்மையாக இருந்தால் நல்லது, மஞ்சளாகி, கல்போல் இறுகியிருந்தால் தாகத்தில் இருக்கிறது என்று பொருள்.

எதை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை கொடுப்பது?

அனோல் உயிருள்ள பூச்சிகளைத் தின்பது. இரை அசைந்தால்தான் அதன் கவனம் திரும்பும். ஆகவே உலர்த்தி டப்பாவில் அடைத்த பூச்சிகளைப் பெரும்பாலான பல்லிகள் திரும்பியும் பார்ப்பதில்லை. முதன்மை உணவாகச் சிறு சுவர்க்கோழிகளைக் கொடுக்கலாம். கடைகளில் ‘கிரிக்கெட்’ என்று கேட்டால் அளவு வாரியாகத் தருவார்கள். இரையின் நீளம் பல்லியின் தலையில் பாதியைத் தாண்டக் கூடாது. வளர்ந்த பல்லிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று நான்கு பூச்சிகள் போதும். குட்டிக்கு நாள்தோறும் மிகச் சிறியவை வேண்டும், அதற்குப் பறக்க இயலாத பழ ஈக்கள் ஏற்றவை.

ஒரே பூச்சியை மாதக்கணக்கில் கொடுக்காமல் இடையிடையே சிறு டூபியா கரப்பான் குஞ்சு, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு ஆகியவற்றையும் சேருங்கள். பின்னதில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே மிகுதி. மாவுப்புழுவின் மேலோடு கடினமானது. அப்போதுதான் தோலுரித்து வெளுத்திருக்கும் சிறு புழுவாகப் பார்த்து எப்போதாவது கொடுக்கலாம். மெழுகுப்புழு முழுக்கக் கொழுப்பு. மெலிந்து வந்த பல்லியைத் தேற்றுவதற்கு உதவும், அன்றாட உணவாகாது.

பல்லிக்குக் கொடுக்கும் முன் பூச்சிக்கு உணவு கொடுத்தீர்களா என்று நான் கேட்டால் பலர் வியப்போடு பார்க்கிறார்கள். கடையிலிருந்து வந்த சுவர்க்கோழி பட்டினி கிடந்து வெறும் ஓடாக இருக்கும். அதைத் தின்றால் பல்லியின் வயிறு நிறையும், உடல் தேறாது. குறைந்தது 24 மணி நேரம் முன்பிருந்தே பூச்சிகளுக்குக் கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கடுகுக்கீரை போன்றவற்றைக் கொடுத்து வையுங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் கடைசியில் பல்லியின் வயிற்றுக்குப் போகிறது.

பதினைந்து நிமிடத்துக்குள் தின்னாத பூச்சிகளை வெளியே எடுத்துவிடுங்கள். இரவில் பசித்த சுவர்க்கோழிகள் உறங்கும் பல்லியின் விரலையும் வாலையும் கடிக்கும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சிகளைக் கொடுக்கலாமா?

மருந்து தெளிக்காத தோட்டம் என்று உறுதியாகத் தெரிந்தால் சிறு அந்துப்பூச்சி, ஈ போன்றவற்றைக் கொடுக்கலாம். அண்டை வீட்டார் புல்வெளிக்கு என்ன தெளிக்கிறார்கள் என்பது தெரியாத புறநகர்ப் பகுதிகளில் நான் இதைத் தவிர்ப்பேன். மின்மினியை மட்டும் எந்நிலையிலும் கொடுக்கக் கூடாது. அமெரிக்க மின்மினிகளின் உடலில் இதயத்தைத் தாக்கும் நச்சு இருக்கிறது. ஒரே ஒரு மின்மினியைத் தின்று, அனோலைவிடப் பன்மடங்கு பெரிய வளர்ப்புப் பல்லிகளே இறந்திருக்கின்றன. கோடை மாலையில் பிள்ளைகள் மின்மினி பிடிப்பது அங்கே வழக்கம் என்பதால், பிடித்ததைப் பெட்டிக்குள் விடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) தூளும் புற ஊதா விளக்கும் கட்டாயமா? சன்னல் வெயில் போதாதா?

இரண்டும் கட்டாயம், சன்னல் வெயில் போதாது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவிடுவது இந்த விளக்கைத்தான்.

சுவர்க்கோழி போன்ற பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டவே பூச்சிகளைக் கால்சியம் தூளில் புரட்டிக் கொடுக்கிறோம். ஆனால் தின்ற கால்சியம் குடலிலிருந்து உடலுக்குள் சேர வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் காயும் அனோல் அதைத் தன் தோலிலேயே, புற ஊதா பி கதிர்களின் துணையோடு உண்டாக்கிக்கொள்கிறது. வீட்டுக்குள் அந்தக் கதிர் இல்லை. சாதாரணச் சன்னல் கண்ணாடி ஒளியையும் வெப்பத்தையும் உள்ளே விட்டுவிட்டு இந்தக் கதிர்களை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். போதாக்குறைக்கு, சன்னலோரம் வைத்த கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்திலேயே அடுப்புபோல் சூடேறிப் பல்லியைக் கொன்றுவிடும். கதிரும் இல்லை, டி3யும் இல்லை என்றால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கத் தொடங்குகிறது. தாடை ரப்பர்போல் வளைவது, கால்கள் கோணுவது, விரல்கள் துடிப்பது, ஏற முடியாமல் கிளையிலிருந்து விழுவது ஆகியவை இந்த எலும்பு நோயின் அறிகுறிகள். தொடக்கத்தில் கண்டால் மருத்துவத்தால் நிறுத்தலாம். கோணிய எலும்பு நிமிராது.

ஊர்வனவற்றுக்கென விற்கும் நீளமான யு.வி.பி. (புற ஊதா பி) குழல் விளக்கு, 5 அல்லது 6 சதவீதம் என்று குறித்திருப்பது, அனோலுக்குப் பொருந்தும். நாள்தோறும் 12 மணி நேரம் எரியட்டும். விளக்குக்கும் கிளைக்கும் இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. கம்பி வலைகூடக் கதிரைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் உறையில் சொல்லியிருக்கும் தொலைவைப் பின்பற்றுங்கள். கண்ணுக்கு ஒளி மங்காவிட்டாலும் கதிரின் வலிமை மாதங்களில் குறைந்துகொண்டே போகும். தயாரிப்பாளர் சொல்லும் கால அளவுப்படி, 6 முதல் 12 மாதங்களுக்குள், விளக்கை மாற்ற வேண்டும். மாற்றிய நாளை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டுவது என் வழக்கம்.

நல்ல விளக்கு இருக்கும்போது, பெரும்பாலான வேளைகளில் டி3 சேராத கால்சியம் தூளும், மாதத்தில் இரண்டு முறை டி3யோடு பல சத்துகள் கலந்த தூளும் போதும். அளவு மீறிய டி3யும் கேடுதான்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

அகலத்தைவிட உயரம் முக்கியம், ஏனெனில் இது தரையில் வாழும் உயிர் அல்ல. ஒரு பல்லிக்கு 30 சென்டிமீட்டர் நீள அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் குறைந்த அளவு. இடம் இருந்தால் 45க்கு 45, உயரம் 60 என்று வாங்குங்கள், பிறகு வருந்த மாட்டீர்கள். விரல் தடிமனில் சில கிளைகளைச் சாய்வாக வைத்து, மேற்கிளை ஒன்று வெப்ப விளக்கின் கீழ் வருமாறு அமையுங்கள். அந்தக் கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், அதாவது 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். மற்றப் பகுதிகளில் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் போதும். சூடான இடமும் குளிர்ந்த இடமும் ஒரே பெட்டிக்குள் இருந்தால்தான் அது தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும். சூடேறும் செயற்கைப் பாறைகளை வாங்க வேண்டாம். அவை அடிவயிற்றைச் சுட்டுவிடும்.

உயிருள்ள செடிகளே சிறந்தவை. நம் வீடுகளில் மணிபிளாண்ட் என்று வளர்க்கும் கொடி இதற்கு மிகப் பொருத்தமானது: இலை அகலமானது, துளி நிற்கும், நிழல் தரும், எளிதில் சாகாது. மருள் செடியும் ஏற்றது. தரைக்குத் தென்னை நார்த்தூளைப் பரப்புங்கள். ஊர்வனக் கடைகளில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கும் அந்தத் தூளில் கணிசமான பகுதி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உரித்த தேங்காய் மட்டையிலிருந்தே வருகிறது. தேவதாரு, பைன் மரச்சீவல்கள் ஆகா.

இரவிலும் விளக்கு எரிய வேண்டுமா?

வேண்டியதில்லை. இரவு இருட்டாகவே இருக்க வேண்டும். அறை வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாதவரை தனியாகச் சூடேற்றவும் தேவையில்லை.

பச்சையாக வாங்கினேன், பழுப்பாகிவிட்டது. நோயா?

பழுப்பு நிறம் மட்டுமே நோய் ஆகாது. சூழலின் நிறத்தைப் பார்த்து இது நிறம் மாறுவதில்லை. உடல் வெப்பமும் மனநிலையும் நிறத்தை முடிவு செய்கின்றன. குளிரிலும் அச்சத்திலும் பழுப்பாகும். வெதுவெதுப்பாக, அமைதியாக இருக்கையில் பச்சையாகும். உறங்கும்போது வெளிறிய பச்சையாக இருக்கும். இந்த மாற்றத்தை நடத்துவது ரத்தத்தில் ஓடும் இயக்குநீர் என்பதால் நொடியில் நிகழாது, சில நிமிடங்கள் ஆகும். அந்தப் பச்சையே கலவை நிறம்தான்: தோலில் நீலத்தைத் தெறிக்கும் அடுக்கின் மேல் மஞ்சள் அடுக்கு அமைந்திருப்பதால் பச்சையாகத் தெரிகிறது. மிக அரிதாக மஞ்சள் இல்லாமல் பிறக்கும் அனோல் முழு நீலமாக இருக்கும்.

கவலைப்பட வேண்டியது, வெப்பமான கிளையில் உட்கார்ந்தும் நாள் முழுவதும் கரும்பழுப்பாகவே இருந்தால், அல்லது கண்ணுக்குப் பின்னால் கரும்புள்ளி தோன்றி மறையாமல் நின்றால். அப்போது அதை அச்சுறுத்துவது எது என்று தேடுங்கள். கண்ணாடியில் தெரியும் தன் உருவமாக இருக்கலாம், எதிரில் உட்கார்ந்து பார்க்கும் பூனையாக இருக்கலாம்.

கையில் வைத்து விளையாடலாமா?

கூடாது என்றே சொல்வேன். சில கிராம் எடையுள்ள உயிருக்கு மனிதக் கை, கவ்வ வந்த பறவையின் அலகுக்குச் சமம். வாலைப் பிடித்தால் வால் அறுந்து உங்கள் விரலில் துடிக்கும். மீண்டும் வளரும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும், பழைய அழகும் நீளமும் திரும்பாது. பெட்டியைச் சுத்தம் செய்ய வெளியே எடுக்க வேண்டியிருந்தால் ஒரு கோப்பையை எதிரில் வைத்து மெல்ல அதற்குள் ஓட்டுங்கள். இது பார்த்து மகிழ வேண்டிய பிராணி. ஆண் தலையை ஆட்டி, முன்கால்களில் எழுந்து தாழ்ந்து, அலைதாடியை விரிப்பதை ஒரு காலை முழுவதும் அசையாமல் உட்கார்ந்து பார்க்கலாம்.

தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?

தனிமை இதற்குத் துயரம் தருவதில்லை. இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் சண்டை மூளும். வெளிப்படையாகச் சண்டையிடாவிட்டாலும் அடங்கிப் போனது வெயிலுக்கும் உணவுக்கும் வராமல் மூலையில் ஒடுங்கி மெல்ல அழியும். ஓர் ஆணும் இரண்டு பெண்களும் பெரிய பெட்டியில் ஒத்து வாழ்வதுண்டு. எதுவானாலும் புதிதாக வருவதை ஒரு மாதமாவது தனிப் பெட்டியில் வைத்துக் கவனித்த பிறகே சேருங்கள்.

ஆணே இல்லாத பெட்டியில் முட்டை கிடக்கிறது. எப்படி?

பெண் அனோல் விந்துவைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கும். கடைக்கு வருமுன் வெளியில் இணைந்திருக்கும். வெப்பமான மாதங்களில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வீதம் ஈரமான தரையில் புதைக்கும். முட்டையைப் புரட்டாமல், கிடந்த நிலையிலேயே ஈர நார்த்தூள் உள்ள சிறு டப்பாவுக்கு மாற்றினால் ஐந்து முதல் ஏழு வாரங்களில் குஞ்சு வெளிவரும். முட்டையிடும் பெண்ணுக்குக் கால்சியம் தேவை பெருகும். அந்த மாதங்களில் தூளைத் தவறவிடாதீர்கள்.

தோல் உரிகிறது, உதவ வேண்டுமா?

இழுக்காதீர்கள். பாம்புபோல் ஒரே சட்டையாக உரிக்காது, துண்டு துண்டாக உரித்துத் தானே தின்றுவிடும். விரல்களில் மட்டும் ஒட்டி நின்றால் தெளிப்பைச் சற்றுக் கூட்டுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வாய் ஓரம் வீங்கிச் சீழ் தெரிந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், பகலில் கண்ணை மூடியே இருந்தால், கால்கள் துடித்தால், உண்டும் மெலிந்துகொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். வெளியில் பிடிபட்ட பல்லிகளுக்கு குடற்புழுக்கள் மிகச் சாதாரணம் என்பதால், வாங்கிய சில வாரங்களில் புதிய எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுப்பது நல்லது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. ஊர்வன, இருவாழ்விகளுக்கான மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதியை வைத்திருக்கிறது. தேவை வருமுன்பே உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். மருத்துவச் செலவு பல்லியின் விலையைப்போல் பல மடங்கு ஆகும். வாங்குமுன் அதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், வாங்கிய பிறகு அது கடமை.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆபத்துண்டா?

நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் உள்ள வீட்டில் ஊர்வன வளர்ப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஊக்குவிப்பதில்லை. பெட்டியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுங்கள். கிண்ணத்தையும் கிளைகளையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

எங்களால் இனி வளர்க்க இயலாது. தோட்டத்தில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள், அது அந்த ஊரிலேயே வாழும் இனமாக இருந்தாலும். கடைக் கூட்டத்தில் தொற்றிய நோயையும் ஒட்டுண்ணியையும் அது வெளியில் உள்ளவற்றுக்குக் கொண்டு போகும். அது இல்லாத நாட்டில் விட்டால் கேடு இன்னும் பெரிது. ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு 1960களில் போய்ச் சேர்ந்த பச்சை அனோல்கள் பெருகி, அங்கே மட்டுமே வாழ்ந்த பட்டாம்பூச்சிகளையும் தட்டான்களையும் தேனீக்களையும் தின்று அருக வைத்துவிட்டன. இன்றும் அவற்றைப் பிடிக்கப் பொறிகள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அருகிலுள்ள ஊர்வன மீட்பு அமைப்பையோ, அனுபவமுள்ள வளர்ப்பாளரையோ கேட்டுப் பாருங்கள். பல்லியோடு பெட்டியையும் விளக்கையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்பவர் எளிதில் கிடைப்பார்.